‘வலய இஸ்தாரு’ என்று எழுதினால் கற்றல் குறைபாடா?

அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும் பெற்றோரிடமிருந்து போன் வரத் தொடங்கும். “தமிழ்ல ஒரு வரிகூட தப்பில்லாம எழுத மாட்டேங்கிறான் மேடம். டிஸ்லெக்ஸியாவா இருக்கும், டெஸ்ட் எடுங்கன்னு மிஸ் சொல்றாங்க.” வடசென்னையில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். இப்படி வரும் பிள்ளைகளில் பலருக்குக் குறைபாடு எதுவும் இருப்பதில்லை. வீட்டில் பேசுவதை அப்படியே எழுதுகிறார்கள்.

காசிமேட்டுப் பையன், நாலாம் வகுப்பு. ‘என் தந்தை’ கட்டுரையில் இப்படி எழுதியிருந்தான்: ‘எங்கப்பா போட்ல போயி வலய இஸ்தாரு. வஞ்சரம் மாட்டிச்சி. மய வந்துச்சி, கொடை இல்ல.’ சொல்லுக்குச் சொல் சிவப்பு வட்டம். அதே பையன் பாடத்தைப் பார்த்து எழுதிய பக்கத்தில் ஒரு பிழை இல்லை. வாசிக்கச் சொன்னால் கடகடவென்று வாசிக்கிறான்.

அவன் எழுதியதில் ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, அடுத்த எழுத்து அகரமாகவோ ஐகாரமாகவோ இருந்தால், பேச்சில் அது எகரம், ஒகரம் ஆகிவிடும். இலை ‘எல’, இடம் ‘எடம்’, உலகம் ‘ஒலகம்’, குடை ‘கொடை’. ‘அடித்தான்’ என்பதை ‘அடிச்சான்’ என்பது வேறு விதி, அதுவும் இதேபோல் ஒழுங்காக வருவதுதான். வட்டம் போட்ட மிஸ்ஸும் ஸ்டாஃப் ரூமில் இப்படித்தான் பேசுவார். ழகரம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக் குப்பங்களில் மழை ‘மய’, கோழி ‘கோயி’. தெற்கிலிருந்து வந்த வீட்டில் ‘மள’, ‘கோளி’. இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

‘கொடை’ தப்பு, ‘குடை’தான் சரி என்று திருத்தப்பட்ட ஒரு சிறுமி, கொஞ்ச நாளில் ‘கர்ணன் பெரிய குடை வள்ளல்’ என்று எழுதினாள். சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் விதியைப் பிடித்துவிட்டாள், தேவைக்கு ஒரு படி அதிகமாகவே.

கற்றல் குறைபாடு வேறு மாதிரித் தெரியும். எழுத்து விட்டுப்போகும், வரிசை மாறும், புள்ளி காணாமல் போகும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும். ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக இருக்கும். பார்த்து எழுதும்போதும் பிழை வரும். வாசிப்பு எழுத்துக் கூட்டுவதிலேயே நின்றுவிடும்.

நான் செய்வது இதுதான். பிள்ளை சொல்வதை அதன் பேச்சிலேயே தாளின் இடப்பக்கம் எழுதுவேன். “இதே புக்குல இருந்தா எப்படி இருக்கும்?” என்று கேட்டு, வலப்பக்கத்தை அதனிடம் விட்டுவிடுவேன். அந்தப் பையன் ‘இஸ்தாரு’வைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘இழுத்தார்’ என்று எழுதினான். ‘மாட்டிச்சி’க்கு முதலில் ‘மாட்டியது’. பிறகு தானாகவே அதை அடித்துவிட்டு ‘சிக்கியது’.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வட்டம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த கட்டுரையில் அப்பாவும் வலையும் போய், நோட்ஸில் மனப்பாடம் செய்த நாலு வரி வந்து நிற்கும். இந்த வாரம் ‘ச்ச’வை ‘த்த’ ஆக்குவது மட்டும் பார்த்தால் போதும். வீட்டில் யாரும் பிள்ளைக்காகச் செந்தமிழ் பேச வேண்டாம். கதைப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், இது நீதிமன்றம் வரை போனது. வீட்டில் வேறு விதமான ஆங்கிலம் பேசும் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளி கற்றல் குறைபாடுள்ளவர்களாகப் பார்க்கிறது என்பது புகார். ஆசிரியர்கள் அந்த வீட்டு மொழியை அறிந்து, அதைக் கணக்கில் கொண்டு வாசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று 1979இல் தீர்ப்பு வந்தது.

அதற்காக, ‘வீட்டுப் பேச்சுதானே’ என்று எல்லாரையும் திருப்பி அனுப்பவும் முடியாது. இரண்டும் சேர்ந்த பிள்ளைகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. தேவைப்படும் பிள்ளைக்கு அவை தள்ளிப்போகக் கூடாது.

எனவே வரும்போது கட்டுரை நோட்டோடு நிறுத்தாதீர்கள். பார்த்து எழுதிய நோட்டு, டிக்டேஷன் நோட்டு, ஆங்கில நோட்டு எல்லாம் எடுத்து வாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரித் தடுமாற்றம் தெரிந்தால், முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் மதிப்பீட்டுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.