வரைந்த முகத்துக்கு வழியும் கண்ணீர்

2009ஆம் ஆண்டு பிக்ஸார் நிறுவனம் வெளியிட்ட 'அப்' என்னும் அனிமேஷன் திரைப்படம், தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள் அரங்கில் இருந்த பெரியவர்களில் பலரை அழவைத்துவிடுகிறது. கார்லும் எல்லியும் திருமணம் செய்துகொள்கிறார்கள். பாழடைந்த வீடொன்றைச் செப்பனிட்டுக் குடியேறுகிறார்கள். குழந்தைக்காக அறையைத் தயார் செய்கிறார்கள். அந்தக் குழந்தை பிறக்கப்போவதில்லை என்று மருத்துவமனையில் தெரிந்துகொள்கிறார்கள். தென் அமெரிக்காவில் உள்ள ஓர் அருவிக்குப் போவதற்காக உண்டியலில் சேர்த்த காசு, ஒவ்வொரு முறையும் வண்டிச் சக்கரத்துக்கோ உடைந்த காலுக்கோ சிதைந்த கூரைக்கோ செலவாகிவிடுகிறது. தலை நரைக்கிறது. எல்லி இறந்துபோகிறாள். ஒரு வாழ்நாள் முழுவதும், ஒரு சொல்கூடப் பேசப்படாமல், ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் நம் கண்முன் கடந்துவிடுகிறது.

இல்லாத மனிதர்களுக்காக நாம் ஏன் வருந்துகிறோம் என்ற கேள்வியை 1975இல் காலின் ராட்ஃபோர்ட் என்ற தத்துவ அறிஞர் முன்வைத்தார். நாவல் பாத்திரம் என்று தெரிந்தே அதன் சாவுக்கு அழுவது முரண்பாடு அல்லவா என்பது அவருடைய வாதம். அனிமேஷனில் இந்த முரண்பாடு இன்னும் ஒரு படி கூடுதல், ஏனென்றால் இங்கே திரையில் அழுவதற்கு ஒரு நடிகர்கூட இல்லை. 'படத்தில் மூழ்கி, அது படம் என்பதையே மறந்துவிடுகிறோம்' என்று பலரும் இதற்கு விடை சொல்வார்கள். அது சரியான விடையாக எனக்குப் படவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தால் எல்லி குன்றின் மேல் ஏற முடியாமல் சரியும்போது யாராவது எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஒருவரும் எழுவதில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார்கள். இது பொய் என்று அறிந்திருக்கும் அறிவும், கண்ணீரைச் சுரக்கச் செய்யும் அமைப்பும் ஒரே தலைக்குள் ஒரே நேரத்தில் தம் தம் வேலையைச் செய்கின்றன என்பதுதான் உண்மை நிலை.

இதன் தொடக்கம் முகத்தில்கூட இல்லை, அசைவில் இருக்கிறது. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மெல் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் நடத்திய சோதனையைப் பற்றி எழுதினார்கள். பெரிய முக்கோணம் ஒன்று, சிறிய முக்கோணம் ஒன்று, சிறிய வட்டம் ஒன்று, கதவு திறந்து மூடும் ஒரு கட்டம்: இவ்வளவுதான் அவர்கள் தயாரித்த குறும்படத்தில் இருந்தன. இரண்டரை நிமிட அளவிலான அந்தப் படத்தைப் பார்த்த 34 மாணவியரிடம் என்ன நடந்தது என்று கேட்டபோது, ஒரே ஒருவர் மட்டுமே வடிவங்கள் நகர்ந்ததாகச் சொன்னார். மற்றவர்களுக்குப் பெரிய முக்கோணம் அடாவடிக்காரனாகவும், வட்டம் அஞ்சி ஒளியும் பெண்ணாகவும், சிறிய முக்கோணம் அவளைக் காக்க வருபவனாகவும் தெரிந்தன. கண்ணும் வாயும் இல்லாத உருவங்களுக்கு நோக்கத்தையும் அச்சத்தையும் காதலையும் கற்பிக்க, மனித மனத்துக்கு அவற்றின் வேகமும் திசையும் ஒன்றையொன்று துரத்தும் முறையும் போதுமானவையாக இருந்தன.

அதன் மேல் ஒரு முகத்தையும் வைத்துவிட்டால் வேலை இன்னும் எளிதாகிவிடுகிறது. மூளையின் பொட்டுமடலின் அடிப்பகுதியில், முகங்களைப் பார்க்கும்போது மிகுதியாக இயங்கும் ஒரு பகுதி உண்டு. ஒளிப்படத்தில் உள்ள முகத்துக்கு மட்டுமல்லாமல், கேலிச்சித்திர முகத்துக்கும் அது வலுவாக எதிர்வினை காட்டுவதை மூளை வரைவு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. எந்த வகை முகம் நம்மை உருக்கும் என்பதற்கு, 1943இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் ஒரு விடை தந்தார். உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தின் நடுவுக்குக் கீழே அமைந்த பெரிய கண்கள், உருண்ட கன்னம் ஆகிய குழந்தைமைக் கூறுகளைக் கண்டதும் பேணும் உணர்வு நம்மிடம் தானாக எழுகிறது என்பது அவர் கருத்து. மிக்கி மவுஸின் தலையும் கண்களும் பல பதிற்றாண்டுகளில் படிப்படியாகப் பெரிதாகி வந்ததை உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1979இல் அளந்தே காட்டினார். 'அப்' படத்தின் ஓவியர்கள் இதிலும் ஒரு நுட்பம் செய்தார்கள்: கார்லின் தலை, கண்ணாடி, நாற்காலி எல்லாவற்றையும் சதுரமாகவும், எல்லியைச் சார்ந்தவற்றை வளைவாகவும் வரைந்தார்கள். எல்லி போன பிறகும் அவளுடைய வளைவான நாற்காலி சதுர நாற்காலியின் அருகில் இருந்துகொண்டே இருக்கிறது. யாரும் சுட்டிக்காட்டாமலேயே வெறுமை கண்ணில் படுகிறது.

முகம் எளிதாக இருப்பது குறையல்ல என்பதை ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசஹிரோ மோரி 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்தும் ஊகிக்கலாம். ஒரு பொம்மை மனித உருவத்தை நெருங்க நெருங்க நமக்கு அதன் மேல் பற்றுக் கூடுகிறது. ஆனால் ஏறக்குறைய மனிதனாகவே ஆகும் தறுவாயில் அந்தப் பற்றுச் சட்டென்று அருவருப்பாகச் சரிகிறது என்றார் அவர். தோலின் துளைவரை மெய்யாக இருந்து, கண்ணில் மட்டும் உயிர் இல்லாவிட்டால், பார்ப்பவர் மனம் பிழையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. கார்லின் சதுரத் தலையில் பிழை தேட ஒன்றுமில்லை. 1937இல் வெளியான 'ஸ்னோ ஒயிட்' படத்தில், குள்ளர்கள் இளவரசியின் உடலைச் சுற்றி நின்று அழும் காட்சியை வரைந்த ஃபிராங்க் தாமஸ், அசைவை மிகவும் குறைத்தார். சித்திரத்துக்கு மக்கள் அழுவார்களா என்ற ஐயம் அந்த நாளில் வலுவாக இருந்தது. அவர்கள் அழுதார்கள், குள்ளர்கள் அசையாமல் நின்ற அந்த நொடிகளைப் பார்த்தவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

இனி இசை. 'அப்' படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் விருது பெற்ற மைக்கேல் ஜியாக்கினோ, அந்த நான்கு நிமிடங்களுக்கும் ஒரே மெட்டைத்தான் அடிப்படையாகக் கொண்டார். மூன்று தட்டு நடையில் துள்ளலாகத் தொடங்கும் அந்த மெட்டு, திருமணத்தோடும் மேகம் பார்க்கும் பிற்பகல்களோடும் சேர்ந்து நம் காதில் பதிகிறது. காட்சி முடியும்போது அதே மெட்டு, தனிப் பியானோவில், நடை தளர்ந்து, இடைவெளி விட்டு விட்டு வருகிறது. புதிதாக ஒரு சோக ராகத்தை அங்கே புகுத்தியிருந்தால் 'இப்போது அழு' என்ற கட்டளையாகவே அது ஒலித்திருக்கும். மாறாக, மகிழ்ச்சியோடு நாம் கற்றுக்கொண்ட மெட்டே திரும்பி வருவதால், திரையில் இழப்பும் காதில் மகிழ்ச்சியின் நினைவும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. நினைவு ஒன்றைத் தட்டினால் அதனோடு இணைந்த மற்றதும் எழும் என்ற பழைய உளவியல் விதியை நான்கே நிமிடத்தில் கற்பித்து, அந்த நான்கு நிமிடத்துக்குள்ளேயே பயன்படுத்தியும் விடுகிறார்.

ஆயினும் இந்தப் படத்தில் என்னை மிகுதியும் சிந்திக்கவைத்தது முதல் அழுகை அல்ல, இரண்டாவது. படத்தின் பிற்பகுதியில், பலூன்களைக் கட்டி வீட்டையே பறக்கவைத்துக் கனவுகண்ட அருவியை அடைந்தும் மகிழ்ச்சி அடையாத கார்ல், எல்லியின் சிறுவயதுத் தொகுப்பேட்டைப் புரட்டுகிறார். 'நான் செய்யப்போகிறவை' என்ற தலைப்புக்குப் பின் உள்ள பக்கங்கள் வெறுமையாக இருக்கும் என்றே அவர் அத்தனை காலமும் நம்பியிருந்தார். அந்தப் பக்கங்களில் அவர்களுடைய இல்லற வாழ்க்கையின் படங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. இங்கே யாரும் சாகவில்லை, எதுவும் பறிபோகவில்லை. உண்மையில் கிடைத்ததே மிகுதி. அப்படியிருந்தும் கண்ணீர் முதல் முறையைவிடத் தாராளமாக வருகிறது.

இந்த வகைக் கண்ணீரைத் தனியே பிரித்து ஆராய்ந்தவர்கள் மானிடவியலாளர் ஆலன் ஃபிஸ்க்கும் அவரோடு பணியாற்றிய தாமஸ் ஷூபர்ட், பேயாட்டா சைப்ட் ஆகியோரும். 'அன்பால் அசைக்கப்பட்ட' என்று பொருள்படும் 'காமமூத' என்ற வடமொழித் தொடரை இதற்குப் பெயராக வைத்தார்கள். இங்கே காமம் என்பதைக் காமத்துப்பாலில் வரும் பொருளில் கொண்டால் குழப்பம் இராது. இருவருக்கு இடையிலான ஒட்டுறவு திடீரென்று இறுகும்போதோ, இறுகியிருந்தது என்று திடீரென்று தெரியவரும்போதோ இந்த உணர்ச்சி எழுகிறது என்பது அவர்கள் கோட்பாடு. 19 நாடுகளில் 15 மொழிகளில் அவர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஈரமான கண்கள், மயிர்க்கூச்சு, மார்பில் வெதுவெதுப்பு, தொண்டை அடைப்பு ஆகியவை ஒன்றுசேரும் கோலம் பல பண்பாடுகளிலும் காணப்பட்டது. ஆங்கிலத்தில் இதற்குப் பொருத்தமான ஒற்றைச் சொல் இல்லாததால்தான் வடமொழிக்குப் போனார்கள். தமிழில் நெகிழ்ச்சி இருக்கிறது. சங்கப் பாடலில் வளை நெகிழ்வதும் ஆடை நெகிழ்வதும் போல, இறுக்கமாக இருந்தது தளர்வது என்பதே அதன் அடிப்பொருள்.

ஒட்டுறவு இறுகுவது பளிச்சென்று தெரிய, அதற்குப் பின்னால் இழப்பின் இருள் வேண்டும். குடும்பப் படங்களின் கதையமைப்பில் பிரிவும் சாவும் இத்தனை முன்னதாக வருவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழின் கிறிஸ்துமஸ் பதிப்பில் வந்த ஆய்வொன்று, குழந்தைகளுக்கான 45 அனிமேஷன் படங்களை, பெரியவர்களுக்கான நாடகப் படங்களோடு ஒப்பிட்டு, முக்கியப் பாத்திரங்கள் சாகும் வாய்ப்பு முன்னவற்றில் இரண்டரை மடங்கு என்று கணக்கிட்டது. அந்தப் பதிப்பு சற்றுக் குறும்பான ஆய்வுகளுக்குப் பெயர்போனது. கணக்கு மட்டும் ஒழுங்கானது. 2017இல் வந்த 'கோகோ' படத்தில் சிறுவன் மிகேல், நினைவு மங்கிப்போன கொள்ளுப்பாட்டியின் முன் அமர்ந்து, அவளுடைய தந்தை அவளுக்காகப் பாடிய பாட்டைப் பாடுகிறான். அவள் விரல் அசைந்து, பிறகு அவளும் சேர்ந்து பாடுகிறாள். இது கதாசிரியரின் கற்பனை மட்டுமல்ல. நெடுநாள் பழகிய இசையை நினைவுகூரும்போது இயங்கும் மூளைப் பகுதிகள், அல்சைமர் நோயில் மற்றப் பல பகுதிகளைவிடக் குறைவாகவே சிதைகின்றன என்று ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள்.

உடலுக்குள் நடப்பதில் ஒரு விந்தை உண்டு. தன்னியக்க நரம்பு மண்டலத்தின் இரு கிளைகளில், ஆபத்துக்கு உடலை முறுக்கேற்றும் பரிவு நரம்புகளே மயிர்க்கால்களை நிமிர்த்துகின்றன. ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் உரிய துணைப்பரிவு நரம்புகள், முக நரம்பின் வழியே சென்று, கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன. இவ்விரண்டில் ஒன்று ஓங்கினால் மற்றது தாழும் என்றே பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லும். ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிறுவனத்தினர், பார்வையாளரின் தோலையே படம்பிடிக்கும் கருவியைப் பொருத்தித் திரைப்படக் காட்சிகளைக் காட்டி 2017இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணீரும் மயிர்க்கூச்சும் ஒருங்கே நேரும் தருணமே உணர்ச்சியின் உச்சமாக இருந்தது. திருச்சதகத்தின் முதற்பாட்டிலேயே மணிவாசகர் தம் மெய் அரும்பி விதிர்விதிர்ப்பதையும் கண்ணீர் ததும்புவதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். தொண்டை அடைப்புக்கு, மூச்சு தாராளமாகச் செல்வதற்காகக் குரல்வளை திறந்தே இருக்க முயல, விழுங்கும்போது அது மூட வேண்டியிருப்பதால் தசைகள் எதிரெதிராக இழுக்கின்றன என்ற விளக்கம் வழக்கமாகத் தரப்படுகிறது.

இதற்கெல்லாம் பாசப் பிணைப்போடு தொடர்புபடுத்தப்படும் ஆக்ஸிடோசின் என்ற ஒரே வேதிப்பொருள்தான் காரணம் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மனிதரில் அந்த வேதிப்பொருளைப் பற்றி வந்த பல முடிவுகள் மறுசோதனையில் உறுதிப்படவில்லை. பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் தாமே செய்வதுபோல இயங்கும் 'ஆடிநரம்பணுக்கள்' என்னும் விளக்கத்துக்கும் அதே கதிதான். குரங்கின் மூளையில் ஒரு செயலைக் காணும்போது இயங்கிய அணுக்களிலிருந்து, கார்லுக்காக அழும் மனிதன்வரை ஒரே தாவில் வந்துவிட முடியாது.

அரங்கில் குழந்தைகள் பலூன் வீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கப் பெற்றோர் மட்டும் அழுவதற்கும் விளக்கம் உண்டு. அழுகையை நெடுங்காலம் ஆராய்ந்த நெதர்லாந்தின் உளவியலாளர் அட் விங்கர்ஹூட்ஸ் கூறுவதுபோல, வயது ஏற ஏற உடல்வலிக்கு அழுவது குறைந்து, பிறர் துயருக்கும் பிறர் அன்புக்கும் அழுவது கூடுகிறது. தொகுப்பேட்டுக் காட்சி ஒருவரைத் தொட வேண்டுமானால், செய்ய நினைத்துச் செய்யாமல் விட்ட ஒன்று அவருக்கு இருந்தாக வேண்டும். ஆறு வயதில் அப்படி எதுவும் சேர்ந்திருப்பதில்லை.

அழுதால் பாரம் இறங்கும் என்பது எந்த அளவுக்கு உண்மை என்பதையும் விங்கர்ஹூட்ஸின் குழுவினர் சோதித்தார்கள். நெஞ்சை உருக்கும் திரைப்படங்களைப் பார்த்த 60 பேரில் 28 பேர் அழுதார்கள். படம் முடிந்தவுடன் அழுதவர்களின் மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது. இருபது நிமிடத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பியது; தொண்ணூறு நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிட நன்றாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். அழாதவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. 'அப்' படத்தின் நீளம் 96 நிமிடம்; எனவே தொடக்கத்தில் அழுதவர்களுக்கு ஆறுதல் வந்து சேர வேண்டிய நேரமும் படம் முடியும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்திருக்கும், இடையில் அந்தத் தொகுப்பேடு வந்து கணக்கைக் கலைக்காமல் இருந்தால்.