ஊரணிக்குப் பத்து, வளவுக்குப் பத்து

ஐப்பசி மழை. காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய வளவு வீட்டில், அதாவது நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டு வீட்டில், உட்கார்ந்திருந்தேன். நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டியது. மூலைக்கு ஒரு அண்டா வைத்திருந்தார் அந்த வீட்டு ஆச்சி. அண்டா நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் முற்றத்துக் குழி வழியாகத் தெருக் கால்வாய்க்கும், அங்கிருந்து ஊரணிக்கும் போக வேண்டும். போகவில்லை. கால்வாயை யாரோ சிமெண்ட் போட்டு மூடியிருந்தார்கள். முற்றமே குளமாகி நின்றது.

"வீடும் நல்லாத்தான் இருக்கு, ஊரணியும் இருக்கு. நடுவுல இருக்கறதுக்குத்தான் ஆளில்லை தம்பி" என்றார் ஆச்சி.

அந்தக் கால்வாய் எவ்வளவு தண்ணீரைச் சுமக்க வேண்டியது என்று பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சிவகங்கைப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் பெய்கிறது. தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீட்டின் கூரையை 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 9 லட்சம் லிட்டர். ஓடு உறிஞ்சுவது, சிதறுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 7.2 லட்சம். 12,000 லிட்டர் லாரியில் 60 லோடு. இது ஒரே வீட்டின் கணக்கு. செட்டிநாட்டில் வீடு, தெரு, ஊரணி மூன்றும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் அரசுப் பணம் இந்த இயந்திரத்தை ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஊராட்சிகளுக்கென்று அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணை 29 பொருள்களைச் சொல்கிறது. ஊரக வீட்டுவசதி உண்டு, குடிநீர் உண்டு, சிறு பாசனம் உண்டு. 'பண்பாட்டு நடவடிக்கைகள்' என்றுகூட ஒன்று உண்டு. பழைய கட்டடம் என்று தனியாக ஒரு வரி இல்லை. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் துப்புரவுக்கும் குடிநீருக்கும் மட்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. மீதி 40 சதவீதத்தில் ஊர் தன் தேவைக்குச் செய்துகொள்ளலாம் என்று விட்டது. அந்த நாற்பதுக்குத் தெருவிளக்கும் சாலையும் போட்டி போடும்போது பழைய வீட்டுக்காகக் கையைத் தூக்குபவர் யார்? அந்த வீட்டுக்காரர்களே பாதிப்பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2000-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் (Community Preservation Act) என்று ஒன்று போட்டது. ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால், சொத்து வரியின் மேல் அதிகபட்சம் 3 சதவீதம் கூடுதலாக வாங்கலாம். சொத்தின் மதிப்பில் மூன்று சதவீதம் இல்லை, வரியில் மூன்று. பத்திரப் பதிவுக் கட்டணத்தின் மேல் வசூலிக்கும் தொகையிலிருந்து மாநில அரசும் தன் பங்கைப் போடும். சேரும் தொகையில் குறைந்தது 10 சதவீதம் திறந்தவெளிக்கு (விளையாட்டு, பொழுதுபோக்கு இடங்களும் சேர்த்து), 10 பழமைக்கு, 10 எளியவர்களின் வீட்டுவசதிக்கு. மீதி 70-ஐ இந்த மூன்றுக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்ட குழு பரிந்துரைக்கும். ஊர்க்கூட்டம் அதை ஏற்கலாம், குறைக்கலாம், நிராகரிக்கலாம். தொகையைக் கூட்ட முடியாது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பத்து. சத்தம் போட ஆளில்லாத விஷயத்துக்கு ஒரு அடித்தளம் போட்டுவிடுகிறது. அந்த ஆண்டே செலவழிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, சேர்த்து வைக்கலாம். நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். 1,500 வீடுகள், வீட்டுக்கு ஆண்டு வரி சராசரி 1,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று சதவீதம் 30 ரூபாய், ஊருக்கு மொத்தம் 45,000. அரசும் அதே அளவு போட்டால் 90,000. பழமையின் பங்கு 9,000. சிரிப்பு வரும். ஐந்து வருடம் சேர்ந்தால் 45,000 ஆகிறது, அதில் ஒரு கூரைப் பகுதியில் உடைந்த ஓடுகளையாவது மாற்றலாம். அரசு சமமாகப் போடும் என்றும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. அங்கேயே ஆரம்ப ஆண்டுகளில் முழுச் சமமாக வந்த பங்கு, நிறைய ஊர்கள் சேரச் சேரக் குறைந்துபோனது.

செட்டிநாட்டுக்கு இது புது யோசனையும் இல்லை. வியாபாரக் கணக்கில் சிறு பங்கை மகமை என்று தர்மத்துக்கு எடுத்து வைத்தார்கள். நகரத்தாரில் மணமான ஜோடி ஒரு புள்ளி, கோயில் செலவுக்குப் புள்ளி வரி. தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்திலும் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடுகிறது.

சரி, அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்கிவிடலாமா? கூடாது. அதன் பணத்தைப் பராமரிப்புக்குச் செலவழிக்கத் தடை உண்டு. வாங்கலாம், சீரமைக்கலாம், ஆண்டுதோறும் செய்யும் வேலைக்குத் தொடக்கூடாது. அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது, இல்லாவிட்டால் வழக்கமான நகராட்சிச் செலவெல்லாம் இதில் நுழைந்துவிடும். செட்டிநாட்டு வீடு பிழைப்பதோ பராமரிப்பில்தான். ஒரு ஓடு விலகினால் அடியில் இருக்கும் பர்மா தேக்கு நனைகிறது. இரண்டு மழைக்காலம் போனால் கரையான்.

சுவரும் அப்படித்தான். சுண்ணாம்புச் சாந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. அதில் நுண்துளைகள் இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியாக ஆவியாகிப் போய்விடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த மேல்பூச்சு பளிங்கு போல மின்னினாலும் அடியில் நடக்கும் கதை இதுதான். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். உப்பு உள்ளேயே படிகமாகிப் பூச்சைத் தள்ளும். அந்த ஆச்சி வீட்டில் ஒரு பங்காளி பகுதியில் இதைப் பார்த்தேன். சிமெண்ட் பூச்சு உப்பி நின்றது. கொத்தனார் கரண்டியால் தட்டினார், பெட்டியைத் தட்டுவது போல் சத்தம். பெயர்ந்து விழுந்ததன் பின்னால் வெள்ளை வெள்ளையாக உப்பு. தப்பான பொருளில் செலவழித்த பாதுகாப்பு நிதி, செலவழிக்காததைவிட மோசம்.

பங்காளி என்றதும் அடுத்த முடிச்சு. தனியார் வீட்டுக்குப் பொதுப்பணம் கொடுத்தால், இடிக்கமாட்டோம் என்று பத்திரத்தில் எழுதி வாங்குவது நியாயம். ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்குதாரர்கள், பாதிப்பேர் வெளிநாட்டில். யார் யாரிடம் கையெழுத்து வாங்குவது? கையெழுத்து சேராத வீட்டின் தூண்கள் என்ன ஆகின்றன என்று பார்க்க காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போய்வாருங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. பட்டியல் ஓடு மாற்றித் தராது.

வீட்டுவசதிப் பங்கு சுலபமாகத் தோன்றும். தமிழக அரசு 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. ஆனால் அந்த வீடுகளுக்கு இடம் எங்கே எடுப்பது என்று வரும்போது எல்லோர் கண்ணும் ஊரணிக்கு மேட்டிலிருக்கும் வெற்றுநிலத்துக்குப் போகும். மழைநீர் ஊரணிக்கு வரும் வழியே அதுதான். மூன்று பத்துகளும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியது அங்கேதான். தனித்தனி அலுவலகத்தில் தனித்தனிக் கோப்பாக இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

அப்புறம் ஆச்சி வீட்டுக் கால்வாய். மழை விட்டதும் காலடியால் அளந்தேன், ஊரணி வரை 140 அடி. அந்த மூன்று பத்தில் எதிலும் சுத்தமாக அடங்காது: வீடு இல்லை, பழங்கட்டடம் என்றும் சொல்ல முடியாது, திறந்தவெளியும் இல்லை. எழுபதிலிருந்து எடுக்கலாமென்றால் அதையும் இந்த மூன்றில் ஒன்றின் பெயரில்தான் எழுத வேண்டும். நான் குழுவில் இருந்தால் ஊரணிக் கணக்கில் எழுதுவேன். கொத்தனாரிடம் கேட்டேன், மூடிய சிமெண்டை உடைத்துத் தூர் வார இரண்டு ஆள், ஒன்றரை நாள் என்றார்.