சார்ஜ்: வண்டியில் ஏறிய சொல்

டீக்கடை பெஞ்சில் இருந்தவர் கடைக்காரரிடம் போனை நீட்டினார். "அண்ணே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடுங்க. காலையில ஏத்துனது, அதுக்குள்ள இறங்கிடுச்சு."

ஏற்றுவது, இறங்குவது. அகராதியைப் பார்க்காமலே அவர் சொல்லின் வேரைத் தொட்டுவிட்டார். பழைய லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் சரக்கு வண்டி. அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சார்ஜ்' ஆனது. நம் கார், கப்பல் சரக்கான கார்கோ இரண்டும் இதற்குப் பங்காளிகள்தான்.

துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் ஆங்கிலத்தில் சார்ஜ்தான். மின்சாரத்தைச் சேமிக்கும் கண்ணாடிச் சாடிகளை வைத்து 1740களில் பெஞ்சமின் பிராங்க்ளின் சோதனை செய்தபோது இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். மின்சாரம் சேமிக்கும் கண்ணாடித் தகடுகள் பலவற்றைச் சேர்த்து வைத்ததற்கு அவர் கொடுத்த 'பேட்டரி' என்ற பெயரும் பீரங்கி வரிசையின் பெயர். தமிழ்நாட்டுப் பாடநூலில் சார்ஜ் என்பது மின்னூட்டம், இலங்கைப் பாடநூலில் ஏற்றம். எனக்கு இலங்கைச் சொல்தான் பிடிக்கிறது. டீக்கடைப் பேச்சுக்கு அதுவே பக்கம். போனுக்கு மின்னேற்றம், கருவிக்கு மின்னேற்றி என்றால் யாருக்கும் புரியும்.

பாரத்தை வண்டியில்தான் ஏற்ற வேண்டும் என்றில்லை, ஆள் மேலும் ஏற்றலாம். புது அதிகாரி 'சார்ஜ் எடுத்தார்' என்றால் பொறுப்பேற்றார். பொறுப்பு என்பதே 'பொறு' என்ற வினையிலிருந்து வந்தது. பொறை என்றால் பொறுமை மட்டுமல்ல, பாரமும்கூட. 'இருநிலந்தான் தாங்காது மன்னோ பொறை' என்று குறள் சொல்வது பாரத்தைத்தான்.

அதே அதிகாரி தவறு செய்தால் வருவது சார்ஜ் மெமோ. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு, ஒழுங்கு நடவடிக்கை விதியான '17 பி' காதில் விழுந்தாலே வயிற்றைக் கலக்கும். அதைக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்கிறோம். குற்றத்தையும் நாம் சுமத்தத்தானே செய்கிறோம்!

நீதிமன்றத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். போலீஸ் தாக்கல் செய்யும் சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை. அதைப் பார்த்துவிட்டு நீதிபதி எழுதுவது குற்றச்சாட்டு. அதை 'வனைதல்' என்பது நம் நீதிமன்றத் தமிழ். குயவர் பானை வனைகிற அதே வனைதல். எவ்வளவு அழகான சொல்! செய்தி எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

லத்தி சார்ஜில் மட்டும் சுமை உதவாது. அது தடியடி, அவ்வளவுதான்.

பணம் என்று வந்தால் கட்டணம். 'பஸ் சார்ஜ்' நம் ஊர்ப் பழக்கம்; ஆங்கிலேயர் பயணக் கட்டணத்துக்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ரீசார்ஜ் போனுக்கு என்றால் பணம் போடுவது, நிலத்தடி நீருக்கு என்றால் செறிவூட்டல்.

அப்புறம் டிஸ்சார்ஜ். ஏற்றியதை இறக்குவது. குற்றம் சாட்டப்பட்டவரை வழக்கிலிருந்து விடுவிப்பார்கள், ஆலை கழிவுநீரை வெளியேற்றும். ஆஸ்பத்திரியில் மட்டும் இதற்குத் தனிச்சொல்லைத் தேடி மெனக்கெட வேண்டாம். "அம்மாவை எப்போ வீட்டுக்கு அனுப்புவாங்க?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.