ரியாத்துக்கு மாறுகிறீர்களா? சென்னை வெயிலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

"சென்னை வெயிலையே பார்த்துட்டோம் டாக்டர், இது என்ன பெரிசா?" ரியாத்துக்குப் புதிதாக வரும் நம் ஊர்க்காரர்கள் என் கிளினிக்கில் அடிக்கடி சொல்வது இது. துபாயிலிருந்து மாற்றலாகி வருபவர்களுக்குத் தைரியம் இன்னும் அதிகம். வெயிலை அவர்கள் பார்த்தவர்கள்தான். காய்ந்த காற்றைப் பார்த்ததில்லை.

சென்னையும் துபாயும் கடலோர ஊர்கள். ரியாத்தோ கடலை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமி. ஜூலை மதியம் 44 டிகிரி வெயிலும் 10 சதவீத ஈரப்பதமும் இங்கே சாதாரணம். துபாயில் ஆகஸ்டில் கடல்நீரே 33 டிகிரியைத் தொடும். அந்த ஆவி ஊர்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரவு பதினொரு மணிக்கு மெட்ரோவை விட்டு வெளியே வந்தாலும் மூக்குக்கண்ணாடி புகைபடிந்த மாதிரி ஆகி எதிரே வருபவர் தெரியமாட்டார்.

ஊர்களை ஒப்பிடும்போது சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ரியாத்தில் ஒரே காற்று விடிகாலையில் 25 சதவீதம், மதியம் 10 சதவீதம் என்று காட்டும். அதிலுள்ள நீரின் அளவு மாறியிருக்காது. வானிலைச் செயலியில் 'ட்யூ பாயின்ட்' என்று ஓர் எண் இருக்கும், காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை அது, அதைப் பாருங்கள். 24-க்கு மேல் போனால் உடம்பு பிசுபிசுக்கும். 10-க்குக் கீழே இறங்கினால் உதடு வெடிக்கும். மேலே சொன்ன ரியாத் மதியத்துக்கு அது 6-ஐ ஒட்டி வரும். துபாயில் 36 டிகிரி, 60 சதவீதம் என்றால் 27.

வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும், வழிந்து கீழே சொட்டினால் பயனில்லை. துபாயில் சட்டை தொப்பலாக நனைந்துவிடுவதால் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் நினைவு வந்துவிடும். ரியாத்தில் தோலுக்கு வந்த வியர்வை அப்போதே பறந்துவிடும். தூத்துக்குடிக்காரர் ஒருவர், கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர், விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். சிறுநீரகக் கல். "எனக்கு வேர்க்கவே இல்லையே டாக்டர், அதனால தண்ணி அவ்வளவா குடிக்கல" என்றார். அவருடைய நீலச் சட்டையில் அக்குளிலிருந்து இடுப்புவரை வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடுகள் காய்ந்திருந்தன. அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார்.

ஆகவே தாகத்தை நம்பாதீர்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, கடுந்தேநீர் நிறத்துக்குப் போனால் நீங்கள் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் பிரிய வேண்டும். அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது. வெளி வேலைக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு வாரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெப்பத்துக்குப் பழக உடம்புக்கு அவ்வளவு நாள் வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 மணிவரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சவூதியில் விதி. அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

பலரும் எதிர்பார்க்காதது குளிர்காலம். ஜனவரி இரவில் 8, 9 டிகிரிக்கு இறங்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வந்தவர்கள் முதல் வாரமே ரியாத்தின் பத்ஹா கடைத்தெருவுக்கு ஓடுவார்கள். கார்க் கதவைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும், குதிகால் வெடிக்கும். குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும், அம்மாக்கள் பதறிப்போய் அழைப்பார்கள். பெரும்பாலும் உள்சவ்வு காய்ந்து வெடித்ததுதான் காரணம். தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்பக்கம் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி வந்தாலோ நிற்காவிட்டாலோ காட்டுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடி ஒன்றும் கையில் வைத்திருப்பது நல்லது.

ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த ஊர் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். மெத்தையில் வாழும் தூசிப்பூச்சிக்கு ஈரம் வேண்டும். அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் சென்னையைவிட இங்கே நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் வசந்தத்தில் புழுதிப்புயல் கிளம்பினால் நிலைமை தலைகீழ், இன்ஹேலர் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்காதீர்கள்.

ஊரின் நடமாட்டமும் காற்றைப் பொறுத்துத்தான். துபாயில் கோடைக்காலம் முழுக்க மாலுக்கும் மெட்ரோவுக்கும் இடையே, ஏசிக்குள்ளேயே கழியும். ரியாத்தில் இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்த பிறகு பூங்காப் புல்லில் பாய் விரித்து, நள்ளிரவு தாண்டியும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், ஜூலையிலும்கூட. எனக்கு இந்த ஊர் இரவுதான் பிடிக்கும். துபாயிலிருந்து வந்தவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், கடலில்லாத ஊர் அவர்களுக்கு மூச்சுமுட்டும். கொடியில் போட்ட துணி அரை மணியில் காய்வதையும், திறந்து வைத்த அப்பளம் நமுத்துப்போகாமல் இருப்பதையும் பார்த்து மட்டும் கொஞ்சம் சமாதானமாவார்கள்.

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். வெயிலில் நின்ற ஒருவர் குழறிப் பேசினாலோ, தடுமாறினாலோ, வேர்த்திருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். நிழலுக்கு இழுத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்: சவூதியில் 997, அமீரகத்தில் 998.