நன்கொடைப் பயணத்துக்கு எதற்கு எச்.ஐ.வி. சான்றிதழ்?

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்காக நிதி திரட்டும் சைக்கிள் பயணம் அது. என்னிடம் சிகிச்சை பெறும் ஒருவர் அதில் ஓட்டப் பெயர் கொடுத்தார். "இவரால் மற்றவர்களுக்கு ஆபத்தில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படிக் கடிதம் கேட்டு வருபவர் இவர் முதலாமவர் இல்லை. யாருக்காகப் பணம் திரட்டுகிறீர்களோ, அவரையே வாசலில் நிறுத்தினால் எப்படி?

கேட்டால், "விழுந்து ரத்தம் வந்தால் என்ன செய்வது?" என்கிறார்கள். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் விழுகிறார், முழங்கை சிராய்கிறது, பக்கத்தில் வருபவர் தூக்கிவிடுகிறார். காயமில்லாத தோலில் ரத்தம் பட்டால் தொற்றாது. சோப்பு போட்டுக் கழுவினால் போதும். வியர்வையால் தொற்றாது. எச்சிலால் தொற்றாது. ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தாலும், ஒரே கூடாரத்தில் தூங்கினாலும், ஒருவர் ஓட்டிய சைக்கிளில் இன்னொருவர் ஏறினாலும் தொற்றாது. இதையெல்லாம் 1980களிலிருந்து சொல்லிவருகிறோம். இன்னும் எத்தனை வருடம் சொல்ல வேண்டும்?

அப்புறம் சிகிச்சை. தினமும் மருந்து எடுத்து, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவில்கூடத் தொற்று பரவாது. துணைவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த ஜோடிகளை ஆராய்ந்த 'பார்ட்னர்' ஆய்வுகளின் முடிவுகள் 2016லும் 2019லும் வந்தன. ஆணுறை இல்லாமல் உறவுகொண்டும், மருந்தில் இருந்த துணைவரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அப்படிப்பட்டவர் பக்கத்தில் சைக்கிள் மிதிப்பதற்கா இவ்வளவு பயம்?

உண்மையில் உங்கள் குழுவில் யாருக்குத் தொற்று இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பரிசோதனை செய்யாதவருக்கு அவரைப் பற்றியே தெரியாது. அதனால் முதலுதவிப் பெட்டியில் கையுறை வையுங்கள், யார் விழுந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். திறந்த காயத்திலோ கண்ணிலோ பிறர் ரத்தம் பட்டால் உடனே கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் எச்.ஐ.வி. உண்டா என்று கேட்கும் கட்டத்தை தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை 7 நாளில் 545 மைல் ஓடிய எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள் என்ற வருடாந்திர நன்கொடைப் பயணம் 2002இல் தொடங்கி 2025இல் நிறைவடைந்தது. அதில் 'பாசிட்டிவ் பெடலர்ஸ்' என்று வெளிப்படையாகவே பெயர் வைத்துக்கொண்டு தொற்றுள்ளவர்கள் ஓட்டினார்கள். வெளியே சொல்வதா வேண்டாமா என்பது ஓட்டுபவரின் முடிவு. உங்களுக்கு அதில் வேலை இல்லை.

இனி, ஓட்டப்போகும் என் நோயாளிகளுக்கு. சைக்கிள் ஓட்டுவது உங்களுக்கும் நல்லதுதான், தாராளமாக ஓட்டுங்கள். ஆனால் தசைப்பிடிப்புக்கு என்று யாராவது மக்னீசியம் மாத்திரை நீட்டினால் வாங்கி விழுங்காதீர்கள். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள் மக்னீசியம் மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் தங்கள் மருந்தைச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால்வலிக்கு டைக்ளோஃபெனாக் போடும் பழக்கத்தை விடுங்கள், இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. மருந்து டப்பாவை முழுசாக சாமான் வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். வண்டி எப்போதும் தாமதமாகத்தான் வரும். இரண்டு நாள் மாத்திரை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.