பேரூராட்சியைப் பேருந்து என்று படித்தவன்

எங்கள் தெருவில் மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் நோட்டில் இறக்கிவிடுவான். அந்த நோட்டைப் பார்க்கும் யாருக்கும் சந்தேகமே வராது. சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்து 'பேரூராட்சி' என்ற சொல்லில் விரலை வைத்தேன். "பேருந்து" என்றான், துளித் தயக்கம் இல்லாமல். அடுத்த வரியில் 'வருவாய்'. "வருவார்" என்றான்.

உயிர்மெய் அட்டவணையை நீட்டினேன். க, கா, கி, கீ என்று ராகம் போட்டு முடித்துவிட்டான். அதே அட்டவணையைச் சீட்டுகளாக வெட்டிக் குலுக்கிப் போட்டு, 'கொ' சீட்டை எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். "கெ... ர... கெரவா அக்கா?"

அந்தக் 'கெர'வைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, ககரம், அதன் பின் ஒரு கால். அச்சில் துணைக்காலும் ரகரமும் ஏறத்தாழ ஒரே உருவம். கண்ணில் பட்டதைப் பட்ட வரிசையில் சொல்லியிருக்கிறான். அட்டவணையைப் பாட்டாக மனப்பாடம் செய்திருந்தானே தவிர, கொம்பும் காலும் சேர்ந்து நின்றால் என்ன ஒலி என்பது அவனுக்குள் பதியவே இல்லை. ஏழு வருஷம் பள்ளிக்கூடம் போய்வந்த பிறகும் ஓட்டை இருந்தது இவ்வளவு சின்ன இடத்தில்தான்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இந்த ஓட்டை தெரியாமல் போவதற்குக் காரணம் ஊகம். முதல் எழுத்தைப் பார்க்கிறார்கள், சொல்லின் நீளத்தைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்க்கிறார்கள், மிச்சத்தை அடித்துவிடுகிறார்கள். நன்றாகப் படிப்பவர்கள்தான் இப்படி முன்பின் பார்த்து ஊகித்துப் படிக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் கல்வியாளர்கள் பலர் நம்பினார்கள். உளவியல் ஆய்வாளர்கள் கீத் ஸ்டானோவிச், ரிச்சர்ட் வெஸ்ட் ஆகியோர் 1970களின் இறுதியில் தொடங்கிச் செய்த சோதனைகளில் நேர்மாறாகத் தெரிந்தது. ஒரு சொல்லை அடையாளம் காண, முன்பின் வாக்கியத்தின் மேல் அதிகம் சாய்வது படிக்கத் திணறுபவர்தான். நன்றாகப் படிப்பவருக்கு எழுத்தே போதும், ஊகிக்க நேரம் எடுப்பதற்குள் சொல் வந்துவிடுகிறது.

ஆகவே முதல் சோதனைக்கு அர்த்தமுள்ள சொற்கள் உதவாது. 'தெமு', 'நொபி', 'வைடு' என்று பொருளில்லாத சொற்களை எழுதிக் கொடுத்தால், ஊகிக்க வழியில்லாமல் உண்மை வெளியே வந்துவிடும். எங்கள் பையன் இருபதில் ஏழுதான் சரியாகச் சொன்னான். தவறிய பதின்மூன்றில் பெரும்பாலானவை கொம்பு போட்டவை. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பது போல, ஐந்து நிமிஷத்தில் இடம் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காதால் கேட்டால் புரிகிறதா? 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எங்கள் பையன் ஒரு சினிமாக் கதையை அரைமணி நேரம் காட்சி காட்சியாகச் சொல்லக்கூடியவன். மொழிப் பக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. அவனுக்குப் பாடத்தின் பொருளை இன்னொரு தரம் விளக்குவது வீண்வேலை.

எட்டாம் வகுப்பு வந்தபின் எழுத்து ஏறுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். மூளை பிறக்கும்போதே பேச்சுக்குத் தயாராக இருக்கிறது. எழுத்துக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. எழுத்து வந்தே ஐயாயிரம் வருஷத்துச் சொச்சம்தான் ஆகிறது. படிக்கக் கற்கும்போது, மூளையின் இடப்பக்கப் பின்கீழ்ப் பகுதியில் உருவங்களை இனம்காணும் பரப்பில் ஒரு துண்டு எழுத்துக்காகப் பழகிக்கொள்கிறது. மூளை ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனின் குழு பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பேரை ஸ்கேன் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தறியாதவர்கள், சிறுவயதில் படித்தவர்கள், பெரியவர்களான பின் படித்தவர்கள் என மூன்று வகையினரும் இருந்தார்கள். பெரியவர்களான பின் கற்றவர்களின் மூளையிலும் அந்தத் துண்டு எழுத்தைக் கண்டு விழித்துக்கொண்டது.

நமக்குப் பக்கத்து உதாரணமும் உண்டு. லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, ஆறு மாதம் இந்தி படிக்கக் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். 2017-இல் வந்த அந்த ஆய்வில் மாற்றம் தெரிந்தது மூளையின் மேற்பரப்பில் மட்டும் இல்லை. பார்வையை நெறிப்படுத்தும் ஆழமான பகுதிகள்வரை இறங்கியிருந்தது. இந்தியிலும் இகரக் குறியை மெய்க்கு இடப்பக்கம்தான் போடுவார்கள். நம் கொம்பைப் போல அதுவும் கண்ணை ஏமாற்றும். முப்பது வயதில் அதைக் கற்க முடியுமென்றால் பதின்மூன்று வயதில் முடியாதா?

கொம்பில் அப்படி என்ன சிக்கல்? 'பெ' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் எகரக் குறி, பின்பு பகரம். வாய்க்கு முதலில் ப், பின்பு எ. கண்ணின் வரிசையும் வாயின் வரிசையும் தலைகீழ். தவிர, 'பெ' என்ற ஒலி ப், எ என்று இரண்டாகப் பிரியும் என்பதே இயல்பாக யாருக்கும் தெரிவதில்லை. போர்ச்சுகலில் எழுத்தறியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்லச் சொன்னபோது பெரும்பாலும் முடியவில்லை என்று ஜோசே மொராயிஸ் 1979-இல் காட்டினார். காதுக்குள் அந்தப் பிளவை உண்டாக்குவதே எழுத்துதான். நம் இலக்கணக்காரர்கள் உயிர், மெய், உயிர்மெய் என்று பிரித்து வைத்தது அந்தப் பிளவைத்தான். நாம்தான் அதைத் தேர்வுக்கான வரையறையாக்கி மூலையில் போட்டுவிட்டோம்.

நான் செய்தது இது. 247 எழுத்துகளையும் மறுபடி தொடங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த ஆறு மெய்கள், பிரச்சினை செய்யும் மூன்று குறிகள், அவ்வளவுதான். மெய்யை ஒரு சீட்டிலும் கொம்பை வேறு நிறச் சீட்டிலும் எழுதினேன். "இதோட சத்தம் மட்டும் சொல்லு." "ப்." கொம்புச் சீட்டை இடப்பக்கம் நகர்த்தி ஒட்டவைப்பேன். "ப்... எ... பெ." கால் சீட்டை வலப்பக்கம் சேர்ப்பேன். "இப்ப எகரம் போயிருச்சு, ஒகரம் வந்திருச்சு. ப்... ஒ... பொ." கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல், வலப்பக்கம் கால் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம். பத்து நிமிஷம் இது, உடனே அந்த எழுத்துகள் மட்டுமே வரும் சொற்கள்: கொடி, பொடி, தொடை, மெத்தை. அதன்பின் அதே சொற்களைச் சொல்லச் சொல்ல எழுதுதல். படிப்பதையும் எழுதுவதையும் ஒரே அமர்வில் வைத்தால் ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொள்கிறது.

குறில் நெடிலுக்கு விரலைச் சொடுக்கினோம். மாத்திரைக்குத் தொல்காப்பியம் சொல்லும் அளவே கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும்தான். எரிக்கு முதல் எழுத்தில் ஒரு சொடுக்கு, ஏரிக்கு இரண்டு. கொடு, கோடு. இந்த இடத்தில் ஒரு சின்ன ஆறுதல்: ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று வேறுபடுத்தும் வழக்கம் வீரமாமுனிவர் பெயரால் வழங்குவது, 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு முன் ஓலையில் புள்ளியும் சரியாக விழாது. அந்தக் காலத்துப் புலவர்களும் பல இடங்களில் ஊகித்துத்தான் படித்திருப்பார்கள்.

வளர்ந்த பிள்ளையிடம் அணில், ஆடு படம் போட்ட புத்தகத்தை நீட்டினால் அன்றோடு வருவதை நிறுத்திவிடுவான். கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பித்த கதை பிரபலம். அவர் எடுத்துக்கொண்ட சொற்களில் ஒன்று செங்கல், போர்ச்சுகீசியத்தில் 'திஜோலு'. அதைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் த, தெ, தி, தொ, து என்று குடும்பம் போட்டு, அந்தத் துண்டுகளைக் கொண்டு புதுச் சொற்கள் செய்யச் சொன்னார். நம் உயிர்மெய் வரிசையேதான்! உழைக்கும் ஆளுக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்கினார் என்பதுதான் வித்தியாசம். எங்கள் பையனுக்கு மோட்டார் பைக் பைத்தியம். கொக்கி, போல்ட், செயின், மைலேஜ் என்று போனது பாடம். கொம்பும், 'மை'யில் வரும் சங்கிலிக்கொம்பும் அதிலேயே வேண்டிய மட்டும் கிடைத்தன.

இனி எழுத்துப்பிழை. தமிழில் படிப்பது ஒப்பீட்டளவில் எளிது, பிழையின்றி எழுதுவதுதான் கஷ்டம். மூன்று நகரம், இரண்டு ரகரம், ல-ள-ழ ஆகியவற்றை இன்று வாய் அவ்வளவாகப் பிரிப்பதில்லை. பிழையான சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்வது நம் ஊர் வைத்தியம். மூன்றாவது தடவையிலிருந்து கைதான் எழுதும், மனம் கபடி ஆடிக்கொண்டிருக்கும். அதைவிட, விதி இருக்கும் இடத்தில் விதியைக் கொடுக்கலாம். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களைப் பாருங்கள். டகரத்துக்கு முன்னால் ண் (வண்டி), தகரத்துக்கு முன்னால் ந் (பந்து), றகரத்துக்கு முன்னால் ன் (கன்று). எங்கே எது வரும் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. சொல்லின் முதலில் வந்தால் ந. ர, ற இரண்டில், இரட்டித்தால் எப்போதும் ற்ற. ரகரம் இரட்டிப்பதே இல்லை. இதைச் சொன்னதும் பையன், "இத ஏன் யாருமே சொல்லல?" என்றான். சொல்லியிருப்பார்கள். அப்போது அவன் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பான்.

விதி இல்லாத இடத்தில் உறவைப் பிடிக்கலாம். 'முருக்கு' என்று எழுதினான். மீசையை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். முறுக்குவார்கள். மாவை முறுக்கினாலும் அதே றகரம்தான். அரைப்பது மாவு, அறைவது கன்னம். எழுத்து, ஒலி, பொருள் மூன்றும் சேர்ந்து ஒரே முடிச்சாக விழும்போதுதான் சொல் நினைவில் தங்குகிறது என்பது லின்னியா எரியின் நீண்டகால ஆய்வுகள் சொல்வது. அப்படி விழுந்த சொல்லை அடுத்த முறை எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

வேகம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வராது. ஜோசப் டோர்கெசன் குழு அமெரிக்காவில் எட்டிலிருந்து பத்து வயதுவரை உள்ள, படிக்கக் கடுமையாகத் திணறிய 60 பிள்ளைகளுக்கு, தலைக்கு 67.5 மணி நேரம் தனித்தனியாகக் கற்பித்து 2001-இல் முடிவை வெளியிட்டது. பிழையின்றிப் படிப்பதில் பாய்ச்சல்; வேகத்தில் மட்டும் சக மாணவர்களை எட்டவில்லை. மற்றப் பிள்ளைகள் அத்தனை வருஷமாகப் படித்துத் தள்ளிய பக்கங்களை இவர்கள் படித்திருக்கவில்லையே. அந்தக் கடனைப் படித்துத்தான் அடைக்க வேண்டும். ஒரே பத்தியை மூன்று நாலு தரம் உரக்கப் படிப்பது கொஞ்சம் உதவும். பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் 'ஏசர்' கணக்கெடுப்பின் 2023 அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 25 சதவீதம் பேர், தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடியாதவர்கள். அத்தனை பேருக்கும் இந்தக் கடன் இருக்கிறது.

மூன்றாம் மாதம் பையனின் அம்மா வந்தார். "முன்னாடியெல்லாம் கடகடன்னு படிப்பான். இங்க வந்தப்புறம் ஒவ்வொரு எழுத்தா கூட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். என்னம்மா சொல்லிக்குடுக்கிறீங்க?" என்று குறைபட்டார். அவரை உட்காரச் சொல்லி, சமூக அறிவியல் புத்தகத்தில் பேரூராட்சி வரும் பக்கத்தைத் திறந்து பையனிடம் கொடுத்தேன்.