அரச ஆஸ்பத்திரியில் நோயாளர் பாதுகாப்பு: வன்னியில் இருப்பவர்கள் எதைக் கேட்கலாம், எங்கே கேட்கலாம்

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சிகிச்சையால் நோயாளிக்குத் தீங்கு வராமல் பார்ப்பதற்கென்று ஓர் ஏற்பாடு இருப்பது பலருக்குத் தெரியாது. மருந்து மாறிப்போவது, வயதானவர் கட்டிலால் விழுவது, ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவரின் கொப்பிக்குள் போவது எல்லாவற்றையும் "எங்கட காலம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், சிகிச்சைக்கு வரும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அந்தச் சிகிச்சையின்போதே ஏதோவொரு தீங்கு நேர்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது தவிர்க்கக்கூடியது.

சுகாதார அமைச்சில் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பான பணிப்பகம் ஒன்று உண்டு. அதன் கீழ்ப் பெரிய வைத்தியசாலைகளில் தர முகாமைத்துவப் பிரிவு இயங்க வேண்டும். வன்னியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் அந்த அளவில் உள்ளவை. தருமபுரம், அக்கராயன்குளம், நெடுங்கேணி போன்ற பிரதேச வைத்தியசாலைகளில் இதற்கெனத் தனி ஆள் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்கு மேலே, மாவட்டத்திலுள்ள பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைதான் பொறுப்பு; ஊரில் ஆர்.டி.எச்.எஸ். ஒஃபிஸ் என்கிறோமே, அதுதான்.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி, சம்பவ அறிக்கை என்ற ஒரு படிவம். வார்ட்டில் தவறு நடந்தாலும், நடக்கப் பார்த்து மயிரிழையில் தப்பினாலும், அங்கு வேலை செய்பவர் அதை எழுதித் தர முகாமைத்துவப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பொட்டாசியம் குளோரைட் ஊசிக் குப்பியையும் ஊசி மருந்து கரைக்கும் தண்ணீர்க் குப்பியையும் பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பொட்டாசியத்தை ஐதாக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இரவுக் கடமையில் உள்ள மிஸ்ஸி ஒருவர் கடைசி நொடியில் கண்டு கையை எடுத்துவிட்டார் என்று வையுங்கள். அவர் அதை எழுதினால் அந்தக் குப்பியை வார்ட் தட்டிலிருந்தே எடுத்துவிடலாம். ஏச்சு விழும் என்று பயந்து எழுதாமல் விட்டால், அடுத்த கிழமை வேறொருவர் கையில் அதே குப்பி. அதனால்தான் இந்தப் படிவம் தண்டிப்பதற்கானது அல்ல என்று விதியிலேயே வைத்திருக்கிறார்கள். பயம் மட்டும் இன்னும் போகவில்லை என்பது என் எண்ணம்.

குற்றம் சாட்டாமல் ஆராய்வது எங்கள் நாட்டுக்குப் புதிதும் அல்ல. பிரசவத்தோடு தொடர்புபட்ட தாய் மரணம் ஒவ்வொன்றும் 1985 முதல் கட்டாயமாக அறிவிக்கப்படுகிறது. ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் முதல் மகப்பேற்று நிபுணர் வரை இருந்து என்ன பிழைத்தது என்று பார்க்கிறார்கள். தாய் மரணத்தில் தெற்காசியாவிலேயே இலங்கை நல்ல நிலையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதே பழக்கத்தை மருந்து, அறுவைச் சிகிச்சை, தொற்று என்று மற்ற இடங்களுக்கும் கொண்டுபோவதே இப்போதைய வேலை.

ஓரிடத்தில் பலித்த நல்ல வழக்கம் எப்படி ஊர் ஊராகப் போகிறது? சுற்றறிக்கையால் என்று சொல்வார்கள்; அது மட்டும் போதாது. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பிறந்த ஐந்து-எஸ் முறையைக் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டில் கையிலெடுத்தது. வேண்டாததைக் கழிப்பது, ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து வைப்பது, சுத்தமாக வைப்பது, எல்லாரும் ஒரேமாதிரிச் செய்வது, அதைத் தொடர்ந்து பேணுவது, அவ்வளவுதான். பிறகு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா ஆபிரிக்க நாடுகளின் அதிகாரிகளை இலங்கைக்குக் கூட்டிவந்து காட்டும் அளவுக்கு அது வளர்ந்தது. எங்கள் பக்கத்துக்கு வந்தபோது அதில் பாதி, சுவரில் அம்புக்குறியும் நிலத்தில் மஞ்சள் கோடுமாகச் சுருங்கிவிட்டது. கமிட்டி வருகிறது என்றால் பெயின்ற் மணக்கும். அவசர மருந்துத் தட்டில் காலாவதியான குப்பி இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதுதான் அந்த முறையின் உயிர். அதைக் கோடு போட்டுக் காட்ட முடியாது.

இன்னும் தெளிவாக விளங்க வேண்டுமானால் பாம்புக்கடியைப் பாருங்கள். வயல் வெட்டுக் காலத்தில் வன்னியில் இது அன்றாட விஷயம். கண்ணாடிப் புடையன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு இயந்திரம் வேண்டாம். சிறிதளவு இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் கட்டியாகாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது. மின்சாரம் இல்லாத இடத்திலும் செய்யலாம். ஆனால் இலங்கை வைத்தியசாலைகளில் வழமையாகச் செய்யப்பட்ட விதத்தை 2013இல் ஆராய்ந்தபோது, இரத்தம் உறையாதவர்களில் நூற்றுக்கு 40 பேரை மட்டுமே அது பிடித்திருந்தது. குழாயின் அளவு, இரத்தத்தின் அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒரேமாதிரி வைத்து இங்கேயே செய்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. அதில் அந்த எண்ணிக்கை 80ஐத் தாண்டியது. சோதனை அதேதான். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ முடிவு பிழைக்கும். செய்முறை நாடு முழுக்கப் போயிருந்தது, எந்தக் குழாய் என்ற செய்தி கூடவே போகவில்லை.

விஷமுறிவு மருந்து ஏற்றும்போது சிலருக்கு உடம்பு அரித்து, மூச்சடைத்து, இரத்த அழுத்தம் விழும். ஏற்றுவதற்கு முன் மிகச் சிறிய அளவு அட்ரினலின் ஊசி போட்டால் அந்தக் கடுமையான எதிர்விளைவு குறைகிறது என்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்து இலங்கையிலேயே செய்த ஆய்வு அது. பழக்கத்தில் இருந்த மற்ற இரண்டு மருந்துகளும் அப்படிப் பலன் தரவில்லை. ஆகவே உங்கள் ஆளுக்கு முதலில் ஓர் ஊசி போட்டுவிட்டுத்தான் விஷமுறிவு மருந்தைத் தொடங்கினால், வீணாகச் சுணக்குகிறார்கள் என்று மிஸ்ஸியோடு சண்டை பிடிக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அசையாமல் வைத்து 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்; 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்தது. பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. தூர நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து எல்லாப் பாம்புக்கும் பொருந்தாது என்பதால் அந்தப் படம் உதவும்.

கிளினிக்கில் பெரும்பாலான பிழைகள் பெயரில் தொடங்குகின்றன. "யோகேஸ்வரி?" என்று கூப்பிட்டால் இரண்டு அம்மாமார் எழும்புவார்கள். ஒருவருக்குக் கணவன் பெயர் செல்வராசா, மற்றவருக்குச் செல்லத்துரை, இருவரும் செ. யோகேஸ்வரி. "நீங்கள்தானே யோகேஸ்வரி?" என்று கேட்டால் காது மந்தமானவரும் தலையை ஆட்டுவார். முழுப்பெயரையும் பிறந்த திகதியையோ கிளினிக் இலக்கத்தையோ நோயாளியின் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் முறை. அவர்கள் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்து உறையில் "பி.டி." (நாளுக்கு இரண்டு தரம்), "டி.டி.எஸ்." (மூன்று தரம்) என்று மட்டும் இருந்தால், எத்தனை நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் கேட்டு எழுதுவித்துக்கொண்டு ஜன்னலை விட்டு நகருங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. துண்டு வெட்டும்போது டயக்னோசிஸ் கார்ட் (என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதிய அட்டை) இல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். யாழ்ப்பாணத்துக்கு மாற்றி அனுப்பினால் அங்குள்ள டொக்டருக்கு உங்கள் கதை தெரிவது அதால்தான்.

பிழை நடந்துவிட்டது என்று நினைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். முன்னே சொன்ன படிவம் ஊழியர்கள் நிரப்புவது; அதால் உங்களுக்கு நட்டஈடும் வராது, யாருக்கும் இடமாற்றமும் வராது. முறைப்பாடு வேறு வழி. வைத்தியசாலைப் பணிப்பாளருக்கோ வைத்திய அத்தியட்சகருக்கோ எழுதுங்கள், பிரதியை ஆர்.டி.எச்.எஸ்.சுக்கு அனுப்புங்கள். வைத்தியர் ஒருவரின் தொழில் நடத்தை பற்றியது என்றால் இலங்கை மருத்துவ சபைக்கு. திகதி, நேரம், வார்ட் இலக்கம், கட்டில் இலக்கம் எழுதாத கடிதம் மேசையிலேயே படுத்துவிடும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பாவிக்கலாம். வைத்தியசாலையின் தகவல் உத்தியோகத்தரிடம் உங்கள் சொந்தச் சிகிச்சைப் பதிவையும் கேட்கலாம், பொதுவான விபரங்களையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும் பிறகு தகவல் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கடந்த வருடம் எத்தனை சம்பவ அறிக்கைகள் எழுதப்பட்டன என்று கேட்டுப் பாருங்கள். பூச்சியம் என்று பதில் வந்தால் அங்கே பிழையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. அடுத்த விண்ணப்பத்தில் தர முகாமைத்துவப் பிரிவின் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது என்று கேட்டு, கூட்டக் குறிப்பின் பிரதியையும் கேளுங்கள்.